அமெரிக்க வரலாற்றுக் குறுங்கட்டுரைகள்: படித்தது மனத்தில் தங்க என்ன வழி?

அல்சூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூரில் அல்சூரில் வசிக்கிறேன். ஒயிட்ஃபீல்டில் உள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலையும் மாலையும் மெட்ரோவில் போய்வரும் நேரத்தில், கடந்த ஏழு மாதங்களாக, அமெரிக்க வரலாறு பற்றிய குறுங்கட்டுரைகளைக் கைபேசியில் படித்து வருகிறேன். அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகங்களும் ஆவணக் காப்பகங்களும் இணையத்தில் இலவசமாகத் தருபவை அவை. அல்சூரில் ஏறியதும் ஒன்றைத் தொடங்கினால் கே.ஆர்.புரம் வருவதற்குள் முடித்துவிடலாம்.

ஏன் அமெரிக்க வரலாறு என்று கேட்பீர்கள். என் தங்கை குடும்பத்தோடு அட்லாண்டாவில் இருக்கிறாள். அவளுடைய பதினொரு வயது மகள் ஞாயிற்றுக்கிழமை காணொளி அழைப்பில், பள்ளியில் படித்ததைப் பற்றி என்னிடம் பேசுவாள். "பெரியம்மா, செரோக்கி மக்களை ஏன் இங்கிருந்து துரத்தினார்கள்?" என்று ஒருநாள் கேட்டாள். அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஓர் இனத்தார் அவர்கள். என்னிடம் பதில் இல்லை. எங்கள் பள்ளிப் பாடத்தில் அமெரிக்கா என்பது போஸ்டன் தேநீர் விருந்தும் ஜார்ஜ் வாஷிங்டனும்தான். அதற்கு அப்பால் ஒன்றும் நினைவில்லை. அன்று தொடங்கியதுதான் இந்தப் படிப்பு.

இதுவரை நூறு கட்டுரைகளாவது படித்திருப்பேன். படிக்கும்போது ஒவ்வொன்றும் தெளிவாகப் புரிகிறது. ஆனால் சென்ற வாரம், 1776-இல் விடுதலைப் பிரகடனம் வந்த பிறகு 1787-இல் அரசமைப்புச் சட்டத்தை எழுதும்வரை அந்த நாடு எப்படி நடந்தது என்று அவளுக்குச் சொல்ல முயன்றபோது, என்னால் நான்கு வாக்கியங்களைக் கூடக் கோவையாகச் சொல்ல முடியவில்லை. மாசசூசெட்ஸில் விவசாயிகள் கடன் சுமை தாங்காமல் கிளர்ந்த ஷேஸ் கலகத்தைப் பற்றிப் படித்திருக்கிறேன். மாநிலங்களிடமிருந்து வரி வசூலிக்க அதிகாரமற்றிருந்த பழைய கூட்டமைப்பைப் பற்றியும் படித்திருக்கிறேன். இரண்டும் ஒரே காலத்தவை என்பதும், ஒன்று மற்றொன்றின் விளைவோடு பின்னிக் கிடப்பதும் என் மனத்தில் பதியவே இல்லை. ஒவ்வொரு கட்டுரையும் தனித்தனி அறையாக இருக்கிறது. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகக் கதவு எனக்குத் தெரியவில்லை.

இவற்றை விட்டுவிட்டுத் தடிமனான நூல் ஒன்றை எடுத்துக்கொள்வதுதான் சரியா, அல்லது குறுங்கட்டுரைகளையே படிக்க வேறு முறை உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கோட்டைவாசல்:

அம்மா, வணக்கம். முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். கட்டுரைகளை விட்டுவிடாதீர்கள். ஒரு கட்டுரை முடிந்த இடத்தில் நின்றுவிடாமல், அதில் வந்த ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போங்கள். என் மாணவர்களுக்கு நான் சொல்லி வந்தது இதைத்தான்.

நீங்கள் பெங்களூரில் இருப்பதால் ஓர் எடுத்துக்காட்டு கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போரில் நடந்த யார்க்டவுன் முற்றுகையைப் பற்றி ஏதாவது ஒரு கட்டுரையைக் கட்டாயம் படித்திருப்பீர்கள். 1781 அக்டோபர் 19-ஆம் நாள் ஆங்கிலேயப் படை அங்கே சரணடைந்தது. தளபதி கார்ன்வாலிஸ் உடல்நலமில்லை என்று சொல்லிச் சரணடையும் நிகழ்ச்சிக்கே வரவில்லை. தம் துணைத் தளபதி ஓ'ஹாராவிடம் வாளைக் கொடுத்தனுப்பினார். பெரும்பாலான கட்டுரைகள் அந்தக் காட்சியோடு முடிந்துவிடும், ஏனென்றால் அமெரிக்கக் கதையில் அவருடைய பங்கு அத்துடன் தீர்ந்தது.

அந்த மனிதரின் வாழ்க்கை அங்கே தீரவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 1786-இல், அவர் தலைமை ஆளுநராகக் கல்கத்தாவில் வந்து இறங்கினார். 1791 மார்ச்சில் திப்பு சுல்தானுக்கு எதிராகப் படை நடத்தி வந்து, முதலில் பெங்களூர்ப் பேட்டையைப் பிடித்தார்; இரண்டு வாரம் கழித்து, மார்ச் 21 இரவில், கோட்டைச் சுவரில் பீரங்கியால் உடைத்த இடத்தின் வழியாக அவருடைய படை உள்ளே புகுந்தது. கோட்டையைக் காத்த பகதூர் கான் அந்தச் சண்டையில் இறந்தார். கே.ஆர்.மார்க்கெட் பக்கத்தில் கோட்டையின் மிச்சம் இன்றும் நிற்கிறது. அதன் சுவரில் ஒரு கல்வெட்டுப் பலகை, இந்த உடைப்பின் வழியாகத்தான் தாக்குதல் நடந்தது என்று தேதியோடு சொல்கிறது. பூக்கடைக் கூட்டத்தையும் பேருந்து இரைச்சலையும் தாண்டி அந்தப் பலகையின் முன் நான் பலமுறை மாணவர்களை நிறுத்தியிருக்கிறேன். யார்க்டவுனில் வாளை இழந்த அதே கைதான் இது என்று சொன்னதும் பிள்ளைகளின் முகத்தில் வரும் மாற்றத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஏற்பட்ட உடன்படிக்கையால் திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். சேலம், கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் பகுதியும் திண்டுக்கல்லும் கம்பெனியின் கைக்கு வந்தன. என் முன்னோர் கிருஷ்ணகிரிப் பக்கத்தவர். அமெரிக்காவை இழந்த பேரரசு கிழக்கே திரும்பியதன் விளைவு எங்கள் ஊர் வரிக் கணக்கிலேயே வந்து விழுந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். இப்படி ஒருவரைப் பின்தொடர்ந்தால் பத்துக் கட்டுரைகள் தாமாகவே ஒரு சரட்டில் கோத்துக்கொள்ளும்.

தேநீரையும் இப்படியே பிடிக்கலாம். 1773 டிசம்பர் 16 அன்று போஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலை நம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. ஆனால் அது இந்தியத் தேயிலை அன்று, சீனத் தேயிலை. அசாமில் தேயிலைத் தோட்டங்கள் வந்ததெல்லாம் அடுத்த நூற்றாண்டில்தான்.

ஏட்டுச்சுவடி:

கோட்டைவாசல் ஐயா சொன்னது ஒரு நல்ல வழி. நான் வேறொரு பழக்கத்தைச் சொல்கிறேன். நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் ஆவணங்களை மொழிபெயர்க்கும் வேலை பார்ப்பவன். அதனால் இந்தப் பழக்கம் வந்திருக்கலாம்.

ஒரு குறுங்கட்டுரையை எடுத்தால், அது எந்த ஆவணத்தின் மீது நிற்கிறது என்று முதலில் பாருங்கள். ஏதோ ஒரு சட்டமோ கடிதமோ தீர்ப்போ அடியில் இருக்கும். கட்டுரையை முடித்ததும் அந்த ஆவணத்தைத் திறந்து படியுங்கள். அமெரிக்க வரலாற்றைப் படிப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு: அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகமும் காங்கிரஸ் நூலகமும் முக்கியமான மூல ஆவணங்களின் படங்களையும் எழுத்து வடிவத்தையும் யாரும் காசில்லாமல் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கின்றன. நம் ஊர்ப் பழைய ஆவணங்களைத் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தென் மாநிலங்கள் பிரிந்துபோனதால் மூண்ட உள்நாட்டுப் போரின் நடுவே குடியரசுத் தலைவர் லிங்கன் வெளியிட்ட அடிமை விடுதலைப் பிரகடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "1863 ஜனவரி 1 அன்று லிங்கன் அடிமைகளை விடுவித்தார்" என்று நான் படித்த பல கட்டுரைகள் ஒரே வரியில் சொல்லிப் போயின. மூலப் பிரதி ஐந்து பக்கக் கையெழுத்து. அதைப் படித்தால் அந்த ஒரு வரி எவ்வளவு தட்டையானது என்று விளங்கும். கிளர்ச்சியில் இருந்த பத்து மாநிலங்களின் பெயர்கள் அதில் வரிசையாக வருகின்றன. லூசியானாவைச் சொன்னவுடனே, நியூ ஆர்லியன்ஸ் நகரம் உட்படப் பதின்மூன்று வட்டங்களைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி விலக்குகிறார். வர்ஜீனியாவில், மேற்கு வர்ஜீனியா என்று பிரியவிருந்த 48 மாவட்டங்களை விலக்குகிறார். தம் பக்கம் நின்ற கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலாவேர் ஆகிய அடிமை மாநிலங்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. நான் முதன்முறை அந்த விலக்குப் பட்டியலை ஒரு நிலப்படத்தை வைத்துக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அநேகமாக அவருடைய படை ஏற்கெனவே பிடித்துவிட்ட பகுதிகளே விலக்கப்பட்டிருந்தன.

ஏன் அப்படி? விடை அதே ஆவணத்தில் இருக்கிறது. குடியரசுத் தலைவர் என்ற முறையில் ஒரு மாநிலத்தின் அடிமைச் சட்டத்தை நீக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்பது அவர் கருத்து. ஆகவே படைத்தலைவர் என்ற முறையில், போரை நடத்தத் தேவையான நடவடிக்கையாக இதைச் செய்வதாக அவரே எழுதுகிறார். போர் நடக்காத இடத்தில் போர் நடவடிக்கை செல்லாது. இதைப் பிடித்துக்கொண்டால், நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்த, அரசமைப்புச் சட்டத்தின் 13-ஆம் திருத்தம் ஏன் தேவைப்பட்டது, அது 1865 டிசம்பரில் ஒப்புதல் பெறும்வரை கென்டக்கியிலும் டெலாவேரிலும் அடிமை முறை ஏன் சட்டப்படி நீடித்தது என்பதெல்லாம் தாமாக விளங்கிவிடும். அதனால் அந்தப் பிரகடனத்தைச் சிறியது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. விடுவிக்கப்பட்டவர்களைப் படையில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற ஒரு வரியும் அதில் இருக்கிறது. போர் முடிவதற்குள் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் ஒன்றியப் படையில் பணியாற்றினார்கள்.

இதே கண்ணோடு 1865 ஜூன் 19 அன்று டெக்சஸின் கால்வெஸ்டனில் தளபதி கிரேஞ்சர் வெளியிட்ட ஆணையைப் படியுங்கள். அந்த நாளைத்தான் 2021 முதல் தேசிய விடுமுறையாகக் கொண்டாடுகிறார்கள். ஆணை ஒரு சிறு பத்திதான். முதல் வாக்கியத்தில் எல்லா அடிமைகளும் சுதந்திரமானவர்கள் என்கிறது. கடைசி வாக்கியங்களில், இருக்கும் வீட்டிலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், படை முகாம்களில் வந்து கூடாதீர்கள், சும்மா இருப்பவர்களுக்கு உதவி கிடைக்காது என்கிறது. விடுதலையையும் எச்சரிக்கையையும் ஒரே மூச்சில் கேட்ட மக்களின் நிலையை எந்தக் கட்டுரையும் எனக்கு இவ்வளவு நெருக்கமாகக் காட்டியதில்லை.

தென்பெண்ணை:

ஆவணத்தைப் படிக்கச் சொன்னதை முழுமனத்தோடு ஏற்கிறேன். கோட்டைவாசல் ஐயாவின் யோசனையில் மட்டும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு, மரியாதையோடு சொல்கிறேன். கார்ன்வாலிஸின் பின்னால் போனால் கார்ன்வாலிஸ் போன இடம் மட்டும்தான் தெரியும். நம் ஊரோடு தொடர்புள்ளதை மட்டும் தேடிப் படிக்கத் தொடங்கிவிட்டால், அமெரிக்கா நம் முகத்தைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாகச் சுருங்கிவிடும். அந்த மண்ணில் மிகப் பெரிய துயரங்களாக நிகழ்ந்தவற்றுக்கு நம்மோடு எந்தத் தொடர்பும் இல்லை. சகோதரியின் தங்கை மகள் கேட்ட கேள்வியே அப்படிப்பட்டதுதான். அந்தக் கேள்வியை வைத்தே படியுங்கள் என்பது என் கருத்து.

அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தின் வடபகுதி செரோக்கி மக்களின் நிலம். அவர்களில் சீக்வோயா என்றொருவர் இருந்தார். வெள்ளி வேலை தெரிந்தவர், ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாதவர். வெள்ளையர்கள் தாளில் கோடு கிழித்துச் செய்தி அனுப்புவதைப் பார்த்து, தம் மொழிக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1821 வாக்கில் ஓர் எழுத்து முறையை உருவாக்கி முடித்தார். ஓர் எழுத்து ஓர் அசை. 'க', 'கி', 'கு' என்று உயிர்மெய்யை ஒரே ஒலியாகச் சொல்லிப் பழகிய நமக்கு அந்த முறை உடனே பிடிபடும். ஒரு வேறுபாடு உண்டு: நம் 'கி'யில் 'க' கண்ணுக்குத் தெரிகிறது, அவருடைய எழுத்துகளில் ஒன்றின் வடிவத்துக்கும் அடுத்ததன் வடிவத்துக்கும் உறவே இல்லை. எண்பதுக்குச் சற்று மேற்பட்ட எழுத்துகளையும் தனித்தனியாக நினைவில் வைக்க வேண்டும். அப்படியிருந்தும் அந்த மக்கள் மிக விரைவில் கற்றுக்கொண்டார்கள். 1828 பிப்ரவரி 21 அன்று நியூ எச்சோட்டா என்ற தங்கள் தலைநகரிலிருந்து, செரோக்கியிலும் ஆங்கிலத்திலுமாக, 'செரோக்கி ஃபீனிக்ஸ்' என்ற செய்தித்தாளை வெளியிட்டார்கள்.

இதை ஒரு கட்டுரையில் படிப்பீர்கள். பூர்வகுடிகளை மேற்கே அனுப்ப 1830-இல் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் கையொப்பமிட்ட வெளியேற்றச் சட்டத்தை வேறொரு கட்டுரையில் படிப்பீர்கள். அதே பகுதியில் 1829-இல் தங்க வேட்டை தொடங்கியதை மூன்றாவது ஒன்றில் படிப்பீர்கள். செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று 1832-இல் உச்சநீதிமன்றம் சொன்னது நான்காவதில் வரும். அந்த வழக்கைத் தொடுத்த வூஸ்டர் என்ற பாதிரியார், அந்தச் செய்தித்தாளுக்கு அச்சு எழுத்துகள் கிடைக்க உதவியவர். கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் இந்த நான்கும் ஒரே கதை என்று தெரியும்.

அந்தச் செய்தித்தாளின் முதல் ஆசிரியர் எலியாஸ் பவ்டினாட். முதலில் வெளியேற்றத்தை எதிர்த்து எழுதினார். பிறகு, எதிர்த்தால் அழிவுதான் என்று எண்ணி, 1835 டிசம்பர் 29 அன்று நியூ எச்சோட்டாவில் நிலத்தை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையில் கையொப்பமிட்ட சிறு குழுவில் ஒருவரானார். தலைவர் ஜான் ராஸும் மக்களில் மிகப் பெரும்பாலோரும் அதை ஏற்கவில்லை. 15,000-க்கு மேற்பட்ட பெயர்களோடு மனு போனது. ஆயினும் செனட் சபை, ஒரே ஒரு வாக்கு மாறியிருந்தாலும் தோற்றிருக்கும் என்ற நிலையில், அதை ஏற்றது. 1838-இல் படை வந்தது. மேற்கே ஓட்டப்பட்ட ஏறத்தாழ 16,000 பேரில் நான்காயிரம் பேர்வரை இறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பவ்டினாட்டை மறு ஆண்டு அவருடைய சொந்த மக்களில் சிலரே கொன்றார்கள். அவரைத் துரோகி என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. அவர் எழுதிய தலையங்கங்களைப் படித்தால் உங்களாலும் முடியாது.

மஞ்சப்பை:

நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கட்டுரையில் மேற்கோள் குறிக்குள் வரும் வாசகத்தைச் சரிபார்க்காமல் யாரிடமும் சொல்லாதீர்கள். இப்போது சொன்ன வழக்கைப் பற்றியே, தலைமை நீதிபதி மார்ஷலைக் குறித்து, "மார்ஷல் தீர்ப்புச் சொல்லிவிட்டார், அவரே அதை நடத்திக்கொள்ளட்டும்" என்று ஜாக்சன் சொன்னதாக ஒரு கட்டுரையில் படித்து, எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசிவிட்டேன். கூட்டத்தில் இருந்த ஒரு மூத்தவர், அது ஜாக்சன் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் அச்சில் வந்த வாசகம் என்று எடுத்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து தேடியதில் அவர் சொன்னதுதான் சரி. ஜாக்சன் உண்மையில் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தீர்ப்பு பிறக்கும்போதே இறந்து பிறந்தது, ஜார்ஜியாவை அதனால் பணியவைக்க முடியாது என்பது அதன் கருத்து. புனைந்த வாசகத்தைவிட அந்தக் கடிதம் கொடுமையாக இருக்கிறது. அன்றிலிருந்து, அடியில் ஆசிரியர் பெயரும் திருத்திய தேதியும் சான்றுகளும் இல்லாத கட்டுரைகளை நான் படிப்பதே இல்லை.

கோட்டைவாசல்:

தென்பெண்ணை சொன்னதை ஏற்கிறேன். என் மாணவர்களை வாசல்வரை கொண்டுவரக் கார்ன்வாலிஸ் தேவைப்பட்டார். உள்ளே வந்துவிட்டவர்களுக்குத் தேவையில்லை. சகோதரி ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்பதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

அல்சூர் வாசகி:

இவ்வளவு அக்கறையோடு பதில் எழுதிய அனைவருக்கும் என் நன்றி. உடனே எழுதாமல் பத்து நாட்கள் முயன்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

புதிய கட்டுரை எதையும் எடுக்கவில்லை. ஏற்கெனவே படித்தவற்றில் ஜார்ஜியா என்ற பெயர் வந்த ஏழு கட்டுரைகளை மட்டும் ஆண்டு வரிசையில் மீண்டும் படித்தேன். முதன்முறை படித்தபோது தங்க வேட்டைக் கட்டுரையில், குலுக்கல் முறையில் நிலம் கொடுத்தார்கள் என்ற வரியைக் கடந்து போயிருந்தேன். 1832-இல் நடந்த அந்தக் குலுக்கலில் கொடுக்கப்பட்ட நிலம் யாருடையது என்று இப்போதுதான் உறைத்தது. மக்கள் இன்னும் வீட்டில் குடியிருக்கிறார்கள், அடுப்பு எரிகிறது, அந்த வீடு இருக்கும் மனைக்கு வேறொருவருக்குச் சீட்டு விழுந்துவிட்டது. கணக்குப் பிரிவில் வேலை செய்பவள் என்பதால் அந்தச் சீட்டுகளும் பதிவேடுகளும் எவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும் என்று என்னால் எண்ணிப் பார்க்க முடிகிறது. அதுதான் என்னை மிகவும் வருத்தியது. அன்று கே.ஆர்.புரத்தைத் தாண்டி நான் இறங்கவேண்டிய நிலையம்வரை கைபேசியை மூடியே வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை மகளிடம் இதைச் சொன்னேன். முதலில் எழுத்து, பிறகு செய்தித்தாள், பிறகு தங்கம், குலுக்கல், நீதிமன்றம், கையொப்பம், படை என்று கோவையாகச் சொல்ல முடிந்தது. நடுவில் அவள் ஒருமுறைகூட எழுந்து போகவில்லை. சீக்வோயாவின் எழுத்துப் பட்டியலைத் திரையில் காட்டினேன். அவள் தன் பெயரை அதில் எழுத முயன்று, ஓர் ஒலிக்கு எழுத்து கிடைக்காமல், தமிழிலும் தனக்கு இப்படித்தான் ஆகிறது என்றாள். நியூ எச்சோட்டா அவர்கள் வீட்டிலிருந்து காரில் போய் அன்றே திரும்பக்கூடிய தொலைவில்தான் இருக்கிறதாம். அங்கே பழைய அச்சுக்கூடத்தைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறாள். பவ்டினாட் ஏன் கையொப்பமிட்டார் என்று அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தென்பெண்ணை அவர்களே, அந்தத் தலையங்கங்களில் எந்த ஆண்டிலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று சொல்ல முடியுமா?

தென்பெண்ணை:

1828 பிப்ரவரியின் முதல் இதழிலிருந்தே தொடங்குங்கள். பிறகு 1832-க்குப் போங்கள். உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் அந்த ஆண்டில்தான், பவ்டினாட் ஆசிரியர் பொறுப்பை விட்டு விலகியதும் அந்த ஆண்டில்தான்.